மடி

தமிழில் 'மடி' என்ற சொல்லுக்குத்தான் எத்தனை முகங்கள்! குழந்தை உறங்குவது தாயின் மடியில். கன்று முட்டிப் பால் குடிப்பது பசுவின் மடியில். உழைத்த காசை முடிந்து வைப்பது வேட்டி மடியில். 'மடியில் கனமிருந்தால் வழியில் பயம்' என்பது நம் மக்களின் வழக்கு. துணியை மடிக்கிறோம், ஓலையை மடிக்கிறோம். போரில் வீரர் மடிந்தனர் என்கிறோம். இத்தனைக்கும் நடுவே, செயலற்றுச் சுருண்டு கிடக்கும் சோம்பலுக்கும் நம் முன்னோர் 'மடி' என்றே பெயர் வைத்தனர். ஒலி ஒன்றாயிருப்பதாலேயே பொருளும் உறவுடையது என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் ஓர் உள்ளம் தன்னுள் தானே மடிந்து, விரிய மறுத்து, மெல்ல மெல்ல மடிந்துபோகும் நிலையைச் சுட்ட இதனினும் பொருத்தமான சொல்லை நாம் கண்டதில்லை.

திருவள்ளுவர் இதற்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். ஊக்கமுடைமை அறுபதாம் அதிகாரம்; மடியின்மை 61ஆம் அதிகாரம்; அதை அடுத்து ஆள்வினையுடைமை; அதன்பின் இடுக்கண் அழியாமை. இந்த வரிசையே ஒரு பாடம். ஊக்கம் பிறந்த உள்ளத்தை முதலில் வந்து தாக்குவது மடி. அதை வென்றவனுக்கே முயற்சி கைகூடும். முயல்பவனே துன்பத்தில் கலங்காது நிற்பான். இந்த அதிகாரம் அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் ஆள்வோனுக்குச் சொல்லும் பகுதியில் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒருவனின் சோம்பல் அவனோடு முடிவதில்லை. குடியை அணையாத விளக்கு என்றும், மடியை அந்த விளக்கைக் கவிந்து அணைக்கும் மாசு என்றும் வள்ளுவர் காண்கிறார். காலம் தாழ்த்துதல், மறதி, மடி, துயில் என்னும் நான்கையும், கெட்டழிவோர் விரும்பி ஏறும் மரக்கலம் என்கிறார். விரும்பி ஏறும் கலம்! சோம்பல் நம்மைக் கட்டி இழுத்துச் செல்வதில்லை, இனிமையாக அழைக்கிறது, நாமே ஏறி அமர்கிறோம்.

அதே வள்ளுவர், வினைசெயல்வகை அதிகாரத்தில், காலம் தாழ்த்திச் செய்ய வேண்டியவற்றைத் தாழ்த்தியே செய்க என்றும் கூறுகிறார். ஆகவே மெதுவாகச் செய்வதெல்லாம் மடி அன்று. நெல் விளையக் காலம் வேண்டும்; கோபம் ஆறக் காலம் வேண்டும்; ஒரு குடும்பப் பிணக்கைத் தீர்க்க இரண்டு திங்கள் காத்திருப்பது சோம்பல் ஆகாது. வேகத்தை மட்டும் பார்த்து ஒருவரைச் சோம்பேறி என்று தீர்ப்பிடுவது தமிழ் மரபுக்கும் ஒத்ததன்று.

நம் மொழி இந்த வேறுபாடுகளை நுட்பமாக அறிந்த மொழி. அசதி என்பது உடலுக்கு உரியது, உழைத்தபின் வருவது, உறங்கி எழுந்தால் தீர்வது. சோர்வு உடலுக்கும் வரும், உள்ளத்துக்கும் வரும். அது பல வேளைகளில் நம்மைக் கேட்டு வருவதில்லை. மந்தம் என்பது வேகக் குறைவு. வயிற்றுக்கும் வரும், அறிவுக்கும் வரும், சந்தை வியாபாரத்துக்கும் வரும். மெத்தனம் என்பது குறிப்பிட்ட ஒரு கடமையில் காட்டும் அசட்டை. சோம்பல் ஒன்றே விருப்பத்தைச் சார்ந்தது. எழ முடியும், எழ மனமில்லை என்பதே அது. சோம்பலை முறிக்கலாம் என்று நம் பேச்சுவழக்கே சொல்கிறது. அசதியை முறிக்க முடியாது. துக்கத்தை முறிக்க முடியாது. ஆனால் அன்றாட வாழ்வில் நாம் என்ன செய்கிறோம்? ஐந்து சொற்களையும் மூலையில் வைத்துவிட்டு, 'சோம்பேறி' என்ற ஒற்றைச் சொல்லை எல்லார் மேலும் எறிகிறோம். பட்ட இடம் பார்த்து எறிவதில்லை.

திருச்சபையின் மரபுக்கு வருவோம். தலையான பாவங்கள் ஏழு என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அகங்காரத்தில் தொடங்கும் அந்தப் பட்டியலில் சோம்பல் பெரும்பாலும் கடைசி இடத்தில் நிற்கும். மற்ற ஆறும் அச்சமூட்டும். இது மட்டும் புன்னகை வரவழைக்கும். காலையில் எழப் பிந்துவதும், வீட்டுப்பாடம் எழுதாததும் தலையான பாவமா என்று சிறுவர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஏனெனில் அந்தப் பட்டியலில் முதன்முதலில் இருந்த சொல், 'சோம்பல்' என்று நாம் பொதுவாக வழங்கும் பொருளை உடையதன்று. அது 'அக்கேடியா' என்னும் கிரேக்கச் சொல். 'கேடோஸ்' என்றால் அக்கறை. 'அ' என்னும் முன்னொட்டு, இல்லாமையைக் குறிக்கும். அக்கேடியா என்றால் அக்கறையின்மை.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் தவம் புரிந்தவர் எவாக்ரியுஸ். 399ஆம் ஆண்டு இறந்த இவர், துறவியரை அலைக்கழிக்கும் எட்டுத் தீய எண்ணங்களை வகைப்படுத்தினார். அவற்றுள் மிகக் கடியது அக்கேடியாவே என்றார். திருப்பாடல் 91 குறிப்பிடும் நண்பகலின் அழிவோடு இணைத்து, இதற்கு 'நண்பகல் பேய்' என்றே பெயர் வழங்கிற்று. முற்பகல் பத்து மணியளவில் அது துறவியை நெருங்கும். கதிரவன் நகராமல் நிற்பதுபோல் தோன்றும்; பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதுபோல் நீளும். துறவி சாளரத்தை எட்டிப் பார்ப்பார். உணவு வேளை நெருங்கிற்றா என்று வெளியே வந்து வானத்தை அளப்பார். யாராவது சகோதரர் வருகிறாரா என்று வழி பார்ப்பார். பின்பு தாம் இருக்கும் இடத்தின்மேல் வெறுப்பு வரும். செய்யும் கைத்தொழிலின்மேல் வெறுப்பு வரும். இங்கே அன்புள்ளவர் ஒருவரும் இல்லை என்று தோன்றும். வேறிடம் சென்றால் எல்லாம் சரியாகும் என்று மனம் பேசும்.

பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த விவரிப்பில் நம் முகம் தெரியவில்லையா? 'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்று நம் ஊரார் இதைத்தானே சொன்னார்கள்! அக்கறை போனவனுக்குத்தான் அக்கரை பச்சையாகத் தெரிகிறது. ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. ஆனால் வாழ்வே வேறுபட்டுவிடுகிறது. தன் கரையில் அக்கறையோடு நிற்பவனுக்கு மறுகரையின் பசுமை தொல்லை தருவதில்லை.

எவாக்ரியுசின் படிப்பினைகளை மேற்குத் திருச்சபைக்குக் கொண்டுவந்தவர் யோவான் கசியான். பாலைவனத்தின் உட்பகுதியில் தனித்து வாழ்ந்த பவுல் என்னும் தந்தையைப் பற்றி அவர் ஒரு செய்தி தருகிறார். அத்தந்தை நாள்தோறும் ஓலை சேகரித்து, பிழைப்புக்கு உழைப்பவர்போலவே ஒழுங்காக வேலை செய்வார். ஆனால் அவர் இருந்த இடத்திலிருந்து ஊரும் சந்தையும் ஏழு நாள் பயணத் தொலைவில் இருந்தன. கொண்டுபோய் விற்றால் வரும் விலை சுமைக்கூலிக்கும் போதாது. ஆகவே ஓராண்டு உழைப்பு முழுவதும் குகையில் நிறைந்ததும், அதற்குத் தீ வைத்துவிட்டு மறுபடி தொடங்குவார். வருவாய்க்காக அன்று, உள்ளத்தைக் காக்கவே அந்த உழைப்பு. இதைக் கேட்டு நம்மில் பலர் நகைக்கலாம். பலன் இல்லாத வேலை எதற்கு என்று கேட்கலாம். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் தாய்க்கு நாள்தோறும் தலைவாரி விடும் மகளைக் கேட்டுப் பாருங்கள். அவளுக்குத் தந்தை பவுல் விளங்குவார்.

590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த புனித பெரிய கிரகோரியார் இதைத் 'துயரம்' என்னும் தலைப்பின்கீழ்ச் சேர்த்து, அதன் பிள்ளைகளையும் எண்ணிக் காட்டினார். தீய எண்ணம், மனக்கசப்பு, கோழைத்தனம், நம்பிக்கையிழத்தல், கட்டளைகளைக் கடைப்பிடிப்பதில் மரத்துப்போதல், ஆகாதவற்றின்மேல் மனம் அலைதல் ஆகியவை அவை. மரத்துப்போதல் இங்கே ஆறில் ஒன்று மட்டுமே என்பதைப் பாருங்கள். கை கால் அசையாதிருப்பது நோயின் ஓர் அறிகுறி. நோய் வேறிடத்தில் இருக்கிறது.

அந்த இடத்தைத் துல்லியமாகச் சுட்டியவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினா. அன்பிலிருந்து பிறக்க வேண்டியது மகிழ்ச்சி. கடவுள் தரும் நன்மையைக் கண்டு மகிழ்வதற்குப் பதிலாக அதைச் சுமையாக எண்ணி வருந்துவதே இப்பாவம் என்றார் அவர். இன்னும் ஒன்று சொன்னார். நமக்கு வியப்பூட்டுவது அதுதான். இந்தப் பாவம் எந்தக் கட்டளைக்கு எதிரானது? ஓய்வுநாளைப் புனிதமாய்க் காக்கும் கட்டளைக்கே எதிரானது என்றார். சோம்பல் உழைப்புக்குப் பகை என்று நினைத்திருந்தோம். அது ஓய்வுக்கும் பகை! இறைவனில் உள்ளம் இளைப்பாறுவதே உண்மையான ஓய்வு. சோம்பேறியால் உழைக்க முடியாதது மட்டுமன்று, அவனால் ஓயவும் முடிவதில்லை. விடுமுறை நாள் முழுவதும் கைப்பேசித் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, முன்னிலும் களைப்பாய் உறங்கப் போகிறவர்களை நாம் அறிவோம். அவர்கள் ஓய்ந்திருக்கவில்லை; அலைந்திருக்கிறார்கள்.

இதன்படி பார்த்தால், ஓடியாடி வேலை செய்பவரிடத்தும் மடி குடியிருக்கலாம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டு 'நற்செய்தியின் மகிழ்ச்சி' மடலில், அருள்பணியில் ஈடுபட்டோரின் அக்கேடியாவைப் பற்றி எழுதினார். சிக்கல் எப்போதும் வேலை மிகுதியால் வருவதன்று. போதிய உள்நோக்கமின்றி, வேலையை இனிமையாக்கும் ஆன்மிகமின்றிச் செய்வதால் வருவது என்றார். நம் பங்குகளை நினைத்துப் பார்ப்போம். கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரை பத்து நாள்கள். வரிவசூல், பந்தல், ஒலிபெருக்கி, அன்பியங்களின் அணிவகுப்பு. ஒருவரும் சோம்பியிருப்பதில்லை. ஆனால் தேர் செல்லும் அதே தெருவில் இரண்டாண்டாய்ப் படுக்கையில் கிடப்பவரை எட்டிப் பார்க்க ஆளில்லை என்றால், அந்தப் பரபரப்புக்கு உள்ளே எது உறங்குகிறது? இந்தக் கேள்வி குருக்களுக்கும் பொதுவானது, பங்குப் பேரவைக்கும் பொதுவானது.

இனி, அந்தச் சொல் தவறான இடத்தில் விழுந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். தெற்கே பனைமரங்கள் சூழ்ந்த ஒரு பங்கில் நாம் பணியாற்றியபோது நடந்தது இது. நாற்பது ஆண்டுகளாகக் காலையும் மாலையும் பனையேறிய பெரியவர் ஒருவர் அங்கு இருந்தார். தை மாதத்தில் அவர் மனைவி இறந்தார். பதநீர்க் காலம் தொடங்கியது. அவர் மரம் ஏறவில்லை. பாளை அரிவாளும் தளைநாரும் சுவரில் தொங்கின. விடியலிலேயே எழுந்து திண்ணையில் அமர்பவர், இருட்டும்வரை அமர்ந்திருப்பார். ஒருநாள் திருப்பலி முடிந்ததும் அவர் மகன் வந்தார்.

"சாமி, அப்பா சுத்தச் சோம்பேறியா ஆயிட்டாரு. உடம்புக்கு ஒண்ணுமில்ல. திண்ணையே கதின்னு கிடக்காரு. நீங்க ரெண்டு வார்த்தை சொன்னா கேப்பாரு."

மாலையில் சென்றோம். எம்மைக் கண்டதும் பெரியவர் எழ முயன்றார்.

"இருங்க அண்ணாச்சி, இருங்க" என்று சொல்லி அருகில் அமர்ந்தோம். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பனைகளின் சலசலப்பு மட்டும் கேட்டது. பின்னர் அவரே சொன்னார்.

"மரத்த விட்டு எறங்கினா கலயத்த வாங்க ஆள் வேணும்லா, சாமி. நாப்பது வருசம் அவதான் கைநீட்டி வாங்குவா. அவதான் காய்ச்சுவா. இப்ப எறக்கி யாரு கையில குடுக்க?"

நாம் சொல்ல நினைத்திருந்த இரண்டு வார்த்தைகளும் அங்கே தேவைப்படவில்லை. சேர்ந்து ஒரு பத்துமணி செபமாலை சொன்னோம். வாசலில் நின்ற மகனிடம், "தம்பி, அப்பா சோம்பியிருக்கவில்லை, அம்மாவுக்காக இன்னும் காத்திருக்கிறார். அவருக்குக் கொஞ்ச காலம் கொடுங்கள்" என்று மட்டும் கூறினோம். அந்த இளைஞர் தலைகுனிந்து அழுதார். அவர் கடுமையானவர் அல்லர். தாயை இழந்த வீட்டில் தந்தையும் அசையாமல் அமர்ந்திருப்பதைக் காண அவருக்கு அச்சமாயிருந்தது. அந்த அச்சமே 'சோம்பேறி' என்ற சொல்லாக வெளிவந்தது.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய மாலை, உபதேசியார் அந்தப் பெரியவரைக் கோயிலுக்கு அழைத்து வந்தார். இளைஞர்கள் வெட்டிக் கொணர்ந்த குருத்தோலைகளை அவர் சீராகக் கிழித்து, மடித்து மடித்துச் சிறு சிலுவைகள் செய்தார். சிறுவர்கள் சூழ்ந்துகொண்டு கற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் அவர் பதநீருக்காக மரம் ஏறவில்லை. ஆனால் அந்தச் சொல்லை அவர்மேல் யாரும் மறுபடி எறியவும் இல்லை.

'கேடோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று அக்கறை; மற்றொன்று இறந்தோர்க்காகக் கொள்ளும் துக்கம். இரண்டும் ஒரே சொல்லில் குடியிருப்பது தற்செயல் அன்று. யாரிடம் அக்கறை கொண்டோமோ அவருக்காகவே துக்கம் கொள்கிறோம். அப்படியானால் துக்கத்தில் அமர்ந்திருப்பவர் அக்கேடியா உடையவர் அல்லர், அதற்கு நேர்மாறானவர். அவரிடம் இருப்பது அன்பின் குறைவு அன்று. கொடுக்க ஆளின்றித் தேங்கி நிற்கும் அன்பு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். இருவரும் திண்ணையில்தான் அமர்ந்திருப்பார்கள். உள்ளத்தைக் காண்பவர் ஆண்டவர் ஒருவரே.

திருவிவிலியம் இந்த வேறுபாட்டை மறப்பதில்லை. சோம்பேறியை எறும்பிடம் பாடம் கேட்க அனுப்புகிறது நீதிமொழிகள் நூல்; கீலில் சுழலும் கதவோடு, படுக்கையில் புரளும் சோம்பேறியை ஒப்பிட்டு நகையாடவும் செய்கிறது. ஆனால் அதே திருவிவிலியத்தில், சூரைச்செடியின் அடியில் படுத்து, போதும் ஆண்டவரே என்று சாவை வேண்டிய எலியாவை வானதூதர் கடிந்துகொள்ளவில்லை. தணலில் சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் கொடுத்து எழுப்பினார்; அவர் உண்டு மறுபடி உறங்கினார்; இரண்டாம் முறையும் உணவு கொடுத்த பின்னரே பயணத்தைப் பற்றிப் பேசினார். ஒலிவ மலையில் சீடர்கள் உறங்கியதைக் கூறும் லூக்கா, அவர்கள் துயரத்தால் உறங்கினார்கள் என்று காரணத்தையும் சேர்த்தே சொல்கிறார்.

திராட்சைத் தோட்ட உவமையில் சந்தைவெளியில் நாளெல்லாம் நின்றவர்களைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு 'வேலையற்றவர்' என்பதே நேர்ப்பொருள். ஏன் நிற்கிறீர்கள் என்று உரிமையாளர் கேட்கிறார். எங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்கிறார்கள். அவர் அவர்களைச் சந்தேகிக்கவில்லை, வேலை கொடுக்கிறார். பட்டம் பெற்று வேலை கிடைக்காமல் தெருமுனையில் நிற்கும் நம் இளைஞரைப் பார்த்து அந்த உரிமையாளரின் கேள்வியையாவது கேட்டிருக்கிறோமா? அதுபோலவே, எப்போதும் களைப்பு என்று சொல்லும் மருமகளைச் சோம்பேறி என்று ஏசும் வீடுகள் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்தால் கைகால் ஓயும், மூச்சு வாங்கும். தைராய்டுச் சுரப்பு குறைந்தாலும், மனச்சோர்வு நோயாக முற்றினாலும் இப்படித்தான். அவருக்கு வேண்டியது வசைச்சொல் அன்று, மருத்துவர்.

அப்படியானால் உண்மையான மடியை எப்படி அறிவது? தாலந்து உவமையில் ஆண்டவர் ஒருவனைச் சோம்பேறி என்கிறார். அங்கே வரும் கிரேக்கச் சொல்லுக்குத் 'தயங்கிப் பின்வாங்குபவன்' என்பது பொருள். அவன் உறங்கவில்லை, குழி தோண்டிப் புதைக்கும் அளவுக்கு வேலையும் செய்தான். தலைவர் கடினமானவர் என்று நினைத்தான், அஞ்சினான், கொடையை மண்ணுக்குள் மறைத்தான். கொடுத்தவர்மேல் அன்பு இல்லாததால் கொடை சுமையாயிற்று. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகமோ 'நோத்ரோஸ்' என்னும் ஒரே சொல்லை இரண்டு இடங்களில் ஆள்கிறது. ஐந்தாம் அதிகாரத்தில் அது செவி மந்தத்தைக் குறிக்கிறது. ஆறாம் அதிகாரத்தில் வாழ்வின் மந்தத்தைக் குறிக்கிறது. முதலில் செவி மந்தமாகிறது. பின்னரே கையும் காலும் மந்தமாகின்றன. இறைவார்த்தையையும், அடுத்த வீட்டு அழுகுரலையும் கேளாத செவியில்தான் மடி தொடங்குகிறது.

ஆகவே அன்பர்களே, இச்சொல்லை இரண்டு வகையில் காப்போம். பிறர்மேல் எறியும் முன் நிறுத்தி, இவருக்கு உடல் நலமா, உள்ளம் நலமா, வேலை கிடைத்ததா என்று மூன்று கேள்விகளைக் கேட்போம். பல வேளைகளில் அந்தக் கேள்விகளே அவருக்கு மருந்தாகும். நம்மேல் வைத்துப் பார்க்கும்போதோ, எத்தனை மணிக்கு எழுந்தோம் என்பதோடு நிறுத்தாமல், இன்று யாரைப் பற்றி அக்கறை இழந்தோம், எந்த நன்மை நமக்குச் சுமையாய்த் தோன்றிற்று என்று கேட்போம். பாலைவனத் தந்தையர் சொன்ன மருந்து மிக எளியது: இருக்கும் இடத்தை விட்டு ஓடாதே, கையில் உள்ள சிறு வேலையைச் செய், செபத்தை விடாதே. ஒரு நோயாளியைச் சந்திக்க நினைத்து மூன்று வாரமாய்த் தள்ளி வைத்திருக்கிறோமா? இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வீட்டுக்குப் போகும் வழியில் அவர் வாசலில் பத்து நிமிடம் அமர்ந்து வருவோம்.